நிஜமும் ரஸமும்

விளையாட்டு என்பது நிஜத்துக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ அவ்வளவுக்கு அது உயர்ந்த விளையாட்டு என்று ஒரு கட்சியார் சொல்லுகிறார்கள். நிஜம்தான் வேண்டுமென்றால் தெருவுக்குப் போகலாமே, விளையாட்டு எதற்கு என்று மற்றொரு கட்சியார் கேட்கிறார்கள். மோட்டார்ப் பந்தய வீடியோ விளையாட்டுகளைப் பற்றி இந்த வழக்கு இருபத்தைந்து வருஷங்களுக்கு மேலாக நடந்து வருகிறது. வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளை இருக்கும் வாசகர்களுக்கு நாம் இதை விஸ்தரிக்க வேண்டியதில்லை. வாதி பிரதிவாதி இருவரையும் அவர்கள் கூடத்திலேயே சந்தித்திருப்பார்கள்.

இதைச் சிறுவர் சச்சரவு என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. பாடம் சொல்லிப் பிழைக்கிற நம்மைப் போன்றவர்களிடம் இதே வழக்கு வேறு பெயரில் தினந்தோறும் வந்து நிற்கிறது. கணக்கைக் கணக்காகவே கற்பிப்பதா, பிள்ளைகள் முகம் சுளிக்காதபடி அதைக் கொஞ்சம் இளக்கிக் கொடுப்பதா? முதல் வழியில் போனால் வகுப்பில் பாதிப்பேர் பின்தங்குகிறார்கள். இரண்டாவது வழியில் போனால் எல்லோரும் வருகிறார்கள். ஆனால் வந்து சேர்ந்த இடம் கணக்குத்தானா என்பது சந்தேகம். ஆகையால் இந்த மோட்டார் வழக்கை நாம் சற்று அக்கறையுடனேயே கவனித்து வந்திருக்கிறோம்.

வழக்குக்கு மூலகாரணமான இரண்டு விளையாட்டுகள் 1998-ம் வருஷத்தில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. ஒன்று ‘கிரான் டூரிஸ்மோ.’ ஜப்பானியரான கஸுனோரி யமவுச்சி என்பவரின் தலைமையில் தயாராகி, 1997 டிசம்பரில் ஜப்பானில் வெளியாகி, அடுத்த வருஷம் மேல்நாடுகளுக்குப் போயிற்று. மற்றொன்று ‘கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்.’ அமெரிக்காவில் பாபைரஸ் என்ற ஸ்தாபனத்தார், டேவ் கேமர் என்பவரின் சாமர்த்தியத்தைக் கொண்டு செய்தது. முன்னது ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. பின்னதை விமரிசகர்கள் வானளாவப் புகழ்ந்தார்கள். ஜனங்களோ அதை அநேகமாகக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

கைவிடப்பட்ட பிள்ளையைப் பற்றி முதலில் சொல்லுவோம். அது எடுத்துக்கொண்ட விஷயம் 1967-ம் வருஷத்து பார்முலா ஒன் பந்தயங்கள். அந்தக் காலத்துப் பந்தய வண்டியைப் படத்தில் பார்த்தால் சுருட்டுக்கு நான்கு சக்கரம் பூட்டியதுபோல் இருக்கும். எடை சுமார் 500 கிலோ. எஞ்சின் சக்தி சுமார் 400 குதிரை. வண்டியைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கைகள் அடுத்த 1968-ம் வருஷத்தில்தான் வந்தன. எனவே சக்தி மிகுதி, பிடிப்போ சொற்பம். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதை ஒரு சுற்று ஏறக்குறைய 23 கிலோமீட்டர். காட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே வளைந்து வளைந்து போவது. ஜிம் கிளார்க் போன்ற மேதைக்கே அதைச் சுற்றிவர எட்டு நிமிஷத்துக்குமேல் பிடித்தது.

இந்த வண்டியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தவர்கள் எதையும் மறைக்கவில்லை. நான்கு சக்கரங்களிலும் எவ்வளவு பாரம் இறங்குகிறது, எந்த டயர் எவ்வளவு வழுக்குகிறது என்பதைக் கணத்துக்குக் கணம் யந்திரம் கணக்கிட்டது. வளைவில் திடீரென்று வேகமிதியை விட்டாலும் வண்டி சுழலும். அவசரப்பட்டு மிதித்தாலும் சுழலும். திருப்புவதற்குக் கை மட்டும் போதாது, காலும் சேர்ந்து திருப்ப வேண்டும். புதிதாக வாங்கியவர் புறப்பட்டு முதல் வளைவிலேயே புல்தரையில் கிடந்தார். மறுபடி புறப்பட்டார், மறுபடி புல்தரை. விசைப்பலகையில் விரலால் தட்டி ஓட்டியவர்கள் பட்ட பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

அது ஏன் விற்கவில்லை என்பதற்குப் பல காரணங்கள் சொல்லுகிறார்கள். அக்காலத்துச் சாதாரணக் கம்ப்யூட்டர்கள் அந்தக் கணக்குச் சுமையைத் தாங்கவில்லை என்பார் ஒருவர். முப்பது வருஷத்துக்கு முந்தைய வண்டிகள் மேல் 1998-ம் வருஷத்துப் பிள்ளைக்கு என்ன மோகம் என்பார் இன்னொருவர். இரண்டும் நியாயமான காரணங்களே. ஆனால் அதிகம் பேர் சொன்னது மூன்றாவது காரணம்: “கஷ்டம், தாங்க முடியாத கஷ்டம்.” அதன் பக்தர்கள் இதற்குத் தயாராக வைத்திருந்த பதில், “கஷ்டமல்ல, நிஜம்” என்பதே.

அந்தப் பதிலைச் சற்று உரைத்துப் பார்ப்போம். 1967-ம் வருஷப் பந்தயங்களில் முதலாவது தென்னாப்பிரிக்காவில் நடந்தது. பெட்ரோ ரோட்ரிகெஸ் கூப்பர் வண்டியில் ஜயித்தார். இத்தாலியின் மொன்ஸாவில் ஜான் சர்ட்டீஸ் ஹோண்டா வண்டியில் ஜயித்தார். ஆனால் நிஜத்துக்குப் பேர்போன இந்த விளையாட்டிலே கூப்பரும் இல்லை, ஹோண்டாவும் இல்லை! பெயர்களை உபயோகிக்கும் உரிமை கிட்டாததால், காவென்ட்ரி என்றும் முராசமா என்றும் இரண்டு கற்பனைப் பெயர்கள் அவற்றின் இடத்தில் நிற்கின்றன. பிரான்ஸ் தேசத்துப் பந்தயம் அவ்வருஷம் லெமான் நகரின் குட்டைப் பாதையில் நடந்தது. விளையாட்டிலோ அதைவிட ரம்மியமான ரூவான் பாதை வைக்கப்பட்டிருக்கிறது. ஆக, சரித்திரத்தை அழகுபடுத்தும் சபலம் கண்டிப்பான வாத்தியாரையும் விட்டு வைக்கவில்லை.

இவை சில்லறைக் குற்றங்கள். பெரிய ஆட்சேபணை வேறு. நிஜமான ஓட்டுநர் வண்டி வழுக்குவதைக் கண்ணால் காண்பதற்கு முன்பே முதுகால் உணருகிறார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுடைய முதுகுக்கு ஒரு சமாசாரமும் வருவதில்லை. கண் பார்த்து, மூளை தெரிந்து, கை திருப்புவதற்குள் வண்டி சுழன்றுவிடுகிறது. கணக்கெல்லாம் சரியாகவே இருந்தாலும், கண்ணைத் தவிர மற்றப் புலன்களைக் கட்டிப் போட்டுவிட்டு ஓட்டச் சொன்னால், அது நிஜத்தைக் காட்டிலும் கஷ்டமாகத்தானே இருக்கும்? “கஷ்டமல்ல, நிஜம்” என்ற பதில் இந்த இடத்தில் அரைப் பதிலாகிவிடுகிறது.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. 1967 மே 7-ம் தேதி மொனாக்கோ பந்தயத்தில் லோரென்ஸோ பாண்டினி என்ற இத்தாலிய வீரரின் பெர்ராரி வண்டி தடுப்பில் மோதிக் கவிழ்ந்து தீப்பிடித்தது. மூன்று நாள் கழித்து அவர் இறந்தார். அவ்வருஷம் ஹாலந்தில் புதிய லோட்டஸ் வண்டியை முதன்முதல் ஓட்டி ஜயித்த ஜிம் கிளார்க், அடுத்த வருஷம் ஏப்ரலில் ஹாக்கன்ஹைம் பந்தயத்தில் மாண்டார். விளையாட்டில் அதே மொனாக்கோத் தடுப்பில் மோதினால் என்ன ஆகிறது? ஒரு விசையைத் தட்டினால் வண்டி புத்தம் புதிதாக வந்து நிற்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சொன்னது இதற்குத்தானோ என்று தோன்றும். ஆனால் நாம் அப்படி எண்ணவில்லை. மரணம் விடுபட்டுப் போனது இந்த விளையாட்டின் குறையல்ல. அதை விட்டுவிட்டு மற்றதைக் கற்பிப்பதற்காகத்தான் விளையாட்டு என்ற ஏற்பாடே இருக்கிறது. தவறுக்குத் தண்டனை உயிராக இருக்க வேண்டாம். தவறு தவறுதான் என்று தெரிந்தால் போதும். அதை இந்த விளையாட்டு முகதாட்சிணியம் இல்லாமல் சொல்லிற்று.

இனி ஒரு கோடி பேர் வாங்கிய ‘கிரான் டூரிஸ்மோ’வுக்கு வருவோம். அதுவும் தன்னை நிஜமான சவாரியின் பிரதிபிம்பம் என்றே அட்டையில் போட்டுக்கொண்டது. சாமானியர் வீதியில் காணும் கார்களையே அது பந்தயத்துக்கு விட்டது. ஒவ்வொன்றுக்கும் நடை வேறு, குணம் வேறு. அது மெய்தான். ஆனால் சுவரில் மோதினால் காரில் ஒரு கீறல்கூட விழாது. இதைக் கண்டுபிடித்த பிள்ளைகள் வளைவுகளில் பிரேக் போடும் சிரமத்தையே விட்டுவிட்டார்கள். சுவரோடு உரசிக்கொண்டே திரும்பினார்கள். முன்னால் போகிறவன்மேல் மோதி வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். தவறு செய்தவன் பரிசும் வாங்கிக்கொண்டு போனான். கண்டிப்புக் கட்சியார் இதைக் காட்டிச் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அவர்கள் சிரிப்பு அடங்கவேண்டிய இடம் ஒன்றும் உண்டு. 2008-ம் வருஷத்தில் நிஸான் கம்பெனியாரும் சோனி கம்பெனியாரும் சேர்ந்து, இந்த விளையாட்டில் கெட்டிக்காரர்களைப் பொறுக்கி நிஜப் பந்தயத்துக்குத் தயார் செய்யும் போட்டி ஒன்றை ஆரம்பித்தார்கள். முதலில் தேறியவர் ஸ்பெயின் தேசத்து லூக்காஸ் ஓர்டோனெஸ். 2011-ல் அவர் லெமானின் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில், தம் குழுவினருடன் தம் வகுப்பிலே இரண்டாவதாக வந்தார்! அவ்வருஷப் போட்டியில் தேறிய ஜான் மார்டன்பரோ என்ற ஆங்கிலேய இளைஞர் 2013-ல் அதே லெமானில் தம் வகுப்பிலே மூன்றாவதாக வந்த குழுவில் இருந்தார். ஏட்டுச் சுரைக்காய் கறியாகிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

கதையை அதோடு நிறுத்துவது நேர்மையாகாது. 2015 மார்ச் மாதத்தில் நூர்பர்க்ரிங் பாதையில் மார்டன்பரோவின் வண்டி ஒரு மேட்டில் காற்றில் எழும்பி வேலியைத் தாண்டி விழுந்தது. அவர் பிழைத்தார், வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் உயிரிழந்தார். அந்தப் பாதையை வீட்டிலிருந்தபடி ஆயிரம் தடவை சுற்றியவனுக்கும் இந்தப் பாடம் வராது. விளையாட்டு எங்கே முடிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எல்லைக்கல் நமக்குத் தெரியவில்லை. 2023-ல் அவர் வரலாறு சினிமாவாக வந்தபோது, 2015-ம் வருஷத்து விபத்தை 2013-ம் வருஷத்து வெற்றிக்கு முன்னால் நகர்த்திக் கதையை உருக்கமாக்கினார்கள். ஒரு மனிதர் இறந்த சம்பவத்தை நாயகனின் மனக்கலக்கத்துக்குக் காரணமாக வைத்துத் தைத்தது சரியல்ல என்று பலர் குறை கூறினார்கள். நாமும் அந்தக் கட்சிதான். ரஸத்துக்காக நிஜத்தை வளைப்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது.

அப்படியானால் தீர்ப்பு யார் பக்கம்? தாட்சிணியம் காட்டிய விளையாட்டு நிஜமான பந்தய வீரர்களை உண்டாக்கியது. கண்டிப்பான விளையாட்டு கடையில் தூங்கிற்று. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் வழக்கு முடிந்தது. ஆனால் ‘கிரான் டூரிஸ்மோ’ ஜயித்தது சுவர் மெத்தென்று இருந்ததாலா? நமக்கு அப்படித் தோன்றவில்லை. அதிலே ஒரு சிறந்த ஏற்பாடு இருந்தது. பெரிய பந்தயங்களுக்குப் போகுமுன் லைசென்ஸ் பரீட்சைகளில் தேற வேண்டும். இவ்வளவு தூரத்தில் வண்டியை நிறுத்து. இந்த ஒரு வளைவை இத்தனை விநாடிக்குள் எடு. இப்படிச் சின்னச் சின்னப் பரீட்சைகள். தேறியவன் கையிலிருந்த சொற்பப் பணத்தில் ஒரு பழைய காரை வாங்கி, பரிசு சம்பாதித்து, மேலே மேலே போனான். அதாவது அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ‘கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்’ஸிலும் பழகுவதற்குச் சக்தி குறைந்த வண்டிகள் உண்டு. ஆனால் அவற்றில் தேறிய பிறகுதான் மேலே போகலாம் என்ற விதி கிடையாது. ஆகவே வந்தவன் நேரே 400 குதிரைச் சக்தியின்மேல் ஏறினான், விழுந்தான், விளையாட்டைத் திட்டினான்.

தோற்றவர்களின் பிற்காலத்தையும் சொல்லிவிட வேண்டும். வாங்கிய சிலர் அதை விடவேயில்லை. புதிய பாதைகளைத் தாங்களே வரைந்து சேர்த்து வருஷக்கணக்கில் ஓட்டினார்கள். பாபைரஸ் 2004-ல் மூடப்பட்டது. அவ்வருஷமே கேமர் மற்றொருவருடன் கூடி ‘ஐரேஸிங்’ என்ற ஸ்தாபனத்தைத் தொடங்க, 2008-ல் அந்த விளையாட்டு ஜனங்களுக்குத் திறக்கப்பட்டது. அதிலே புதியவன் கடைசி வகுப்பு லைசென்ஸோடு சின்ன வண்டியில் ஆரம்பிக்க வேண்டும். பிறர்மேல் மோதாமல் ஓட்டினால் மேல் வகுப்பு. மோதிக்கொண்டே இருந்தால் வகுப்பு இறங்கும். வண்டியின் நிஜத்தில் தள்ளுபடி கிடையாது. ஏறிப் போகப் படிகள் மட்டும் உண்டு. 2020-ல் கொள்ளை நோய்க் காலத்தில் அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்கள் நின்றபோது, நிஜ வீரர்களே வீட்டிலிருந்து இந்த விளையாட்டில் போட்டியிட, டெலிவிஷனில் ஒளிபரப்பினார்கள். கடையில் தூங்கிய பிள்ளையின் தம்பி சபையேறிவிட்டான்!

எனவே நம் அபிப்பிராயம் இது. கற்றுக்கொள்ளுகிறவனிடம் இரக்கம் வேண்டியதுதான். அந்த இரக்கத்தைப் பாடத்தின்மேல் காட்டக் கூடாது, பாதையின்மேல் காட்ட வேண்டும். மலைக்குப் படி வெட்டுவது உபகாரம். மலையின் உயரத்தைக் குறைத்துச் சொல்லுவது மோசம். வீட்டிலே பிள்ளை இத்தகைய விளையாட்டு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், “இது நிஜந்தானா?” என்று வாசகர்கள் கேட்க வேண்டாம். “தவறு செய்தால் இதில் என்ன நடக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். “ஒன்றும் நடக்காது, சுவரில் உரசிக்கொண்டே போகலாம்” என்று அவன் சொன்னால், பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். “ஆரம்பத்திலிருந்து வரவேண்டும் அப்பா, அதனால்தான் அந்த வளைவை இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்” என்று சொன்னால், அவன் படித்துக்கொண்டிருக்கிறான் என்று அறியலாம். இரவு ஒன்பது மணிக்குமேல் மட்டும் படிக்க வேண்டாம்.