சுவர்ப்படம் சொல்லாத தூரம்

அறிவியல் வகுப்பறைகள் பலவற்றின் சுவரில் சூரியக் குடும்பத்தின் படம் தொங்குகிறது. இடது ஓரத்தில் சூரியன். அதன் பக்கத்தில் எட்டுக் கோள்கள், மாலையில் கோத்த மணிகளைப் போல ஏறக்குறைய சம இடைவெளியில். கோள்களின் பெயர்களையும் வரிசையையும் கற்பிக்க இந்தப் படம் போதும். ஆனால், தூரத்தைப் பற்றி அது தரும் எண்ணம் தவறானது. அதைச் சுட்டிக்காட்டாமல் பாடத்தைக் கடந்து செல்வது சரியன்று.

சூரியனிலிருந்து பூமி சராசரியாக 150 மில்லியன் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இந்தத் தூரத்தை 1 மீட்டர் எனக் கொண்டு, பள்ளி மண்டபத்தின் பூப்பந்து ஆடுகளத்தில் கோள்களை வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். பின்கோட்டில் வைக்கும் சூரியன் ஒரு கொண்டைக்கடலை அளவே இருக்கும். அங்கிருந்து 39 சென்டிமீட்டரில் புதன், 72 சென்டிமீட்டரில் வெள்ளி, 1 மீட்டரில் பூமி, ஒன்றரை மீட்டரில் செவ்வாய். ஒரு மாணவர் கால் நீட்டிப் படுக்கும் இடத்திற்குள் நான்கு கோள்களும் அடங்கிவிடுகின்றன!

அதன்பின் நடக்க வேண்டும். வியாழன் 5.2 மீட்டரில், வலைக்குச் சற்று முன்பாக இருக்கும். சனி வலையைத் தாண்டி, 9.5 மீட்டரில். ஆடுகளத்தின் நீளம் 13.4 மீட்டர்தான், யுரேனஸோ 19 மீட்டரில் இருக்கிறது. நெப்டியூனுக்கு 30 மீட்டர் வேண்டும். இரண்டு ஆடுகளங்களை நீளவாக்கில் சேர்த்தாலும் இடம் போதாது.

பூமியின் பாதைக்கும் வெள்ளியின் பாதைக்கும் இடையே ஏறக்குறைய 42 மில்லியன் கிலோமீட்டர். யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் இடையிலோ 1,600 மில்லியன் கிலோமீட்டருக்கும் மேல். சுவர்ப்படத்தில் இவ்விரண்டு இடைவெளிகளும் ஒரே விரற்கடை!

இது வெறும் எண் விளையாட்டு அன்று. 2020 ஜூலையில் புறப்பட்ட பெர்சிவரன்ஸ் ஊர்தி 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கியது. வாயேஜர் 2 விண்கலமோ 1977இல் புறப்பட்டு 1986இல்தான் யுரேனஸை நெருங்கியது. அடுத்த கோளான நெப்டியூனை அடைய மேலும் மூன்றரை ஆண்டுகள் பிடித்தன. சுவர்ப்படத்தை மட்டும் நம்பும் மாணவருக்கு இந்தக் காத்திருப்பு விளங்காது.

இன்னொரு குறையும் உண்டு. கோள்கள் படத்தில் இருப்பதுபோல் வரிசைபிடித்து நிற்பதில்லை; ஒவ்வொன்றும் தன் வேகத்தில் சுற்றுகிறது. வெள்ளி சூரியனுக்கு மறுபுறம் இருக்கும்போது பூமிக்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய 260 மில்லியன் கிலோமீட்டர் தூரம் இருக்கும். நீண்ட காலச் சராசரியைக் கணக்கிட்டால், பூமிக்கு மிக அருகில் இருக்கும் கோள் புதன்தான். பலர் இதை எளிதில் நம்பமாட்டார்கள்.

படம் வரைபவரைக் குறைகூற முடியாது. தூரங்களைச் சரியாகக் காட்டினால் கோள்கள் கண்ணுக்கே தெரியா. ஆடுகள அளவில் பூமி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது. ஆகவே, படம் சுவரிலேயே இருக்கட்டும். அதன் அடியில் ‘தூரங்கள் அளவுப்படி அல்ல’ என்று ஒரு வரி எழுதலாம். ஒரு பாடவேளையை மண்டபத்தில் நடத்தலாம். அதற்கு ஓர் அளவுநாடாவும் ஒரு கொண்டைக்கடலையும் எட்டு மாணவர்களும் போதும். நெப்டியூனாக நிற்பவர் மட்டும் சற்று உரக்கப் பேச வேண்டியிருக்கும்.