விசாரணை முடிந்தால் போதுமா?

தைப்பிங் ஏரிப் பூங்காவில் நடைப்பயிற்சி செய்யும் நமக்கு, அருகிலுள்ள சிறைச்சாலையின் மதில் பழகிப்போன காட்சி. அந்த மதிலுக்குள் 2025 ஜனவரி 17-இல் நடந்த சம்பவத்தில் கைதி ஒருவர் உயிரிழந்தார். அதிகாரிகள் கைதிகளைத் தாக்கியதாகப் புகார் எழுந்தது. மனித உரிமை ஆணையமான சுஹாகாம் பொது விசாரணை நடத்தியது.

வெளியார் ஏன் விசாரிக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். எஸ்.பி.எம். விடைத்தாளை நமக்குப் பாடம் நடத்திய ஆசிரியரே திருத்துவதில்லை. அவர்மீது சந்தேகம் என்பதற்காக அல்ல. மதிப்பெண்ணை எல்லாரும் நம்ப வேண்டும் என்பதற்காக. சீருடைத் துறைகளுக்கும் இதே நியாயம்தான். நேர்மையான அதிகாரியின் பெயரைக் காப்பதும் அப்படிப்பட்ட விசாரணையே.

ஆனால் சுஹாகாம் பரிந்துரைக்கலாம், தண்டிக்க முடியாது. காவல் துறையின் நிலையும் இதுவே. ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரமுள்ள சுயேச்சை ஆணையம் வேண்டும் என்று அரச விசாரணை ஆணையம் 2005-லேயே பரிந்துரைத்தது. 17 ஆண்டுகள் கழித்து, 2022-இல் நிறைவேறிய சட்டம் ஐ.பி.சி.சி. ஆணையத்தை அமைத்தது, அந்த அதிகாரத்தை மட்டும் தரவில்லை.

முழு அதிகாரம் வரும்வரை ஒன்றையாவது கட்டாயமாக்கலாம். விசாரிக்கப்பட்ட துறை, ஒவ்வொரு பரிந்துரைக்கும் குறித்த காலத்திற்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். ஏற்றால் எப்போது நிறைவேறும், மறுத்தால் ஏன் என்பது நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும்.

மாணவர்களே, நம்மில் பலர் அடுத்த பொதுத்தேர்தலில் முதன்முறையாக வாக்களிப்போம். வாக்குக் கேட்டு வருபவரிடம் இந்தக் கேள்வியையும் கேட்போம்.