எடைக்குப் போகும் 'தாத்தா' கம்ப்யூட்டர்!

பொங்கல் வந்தால் மஞ்சக்குப்பம் வீடுகளில் பரண் காலி! பழைய கம்ப்யூட்டர், டி.வி. கேம், கால்குலேட்டர் எல்லாம் இரும்புக் கடைத் தராசுக்குப் போகிறது. அது வெறும் குப்பையா? இல்லவே இல்லை!

தூத்துக்குடி மாவட்டம் மூலைப்பொழியில் பிறந்த சிவ நாடார், 1976-ல் நண்பர்களோடு சேர்ந்து முதலில் விற்றது கால்குலேட்டர்தான். அதில் முளைத்ததுதான் எச்.சி.எல்.! 1984-ல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிக்கூடங்களுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோவின் நினைவகம் வெறும் 32 கிலோபைட். இன்றைக்கு செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோவுக்கே பத்தாது! அதைத் தட்டித்தான் அன்றைய பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பயம் தெளிந்தது.

உடைத்தால் லாபமா? செம்புக்காக ஒயரைக் கொளுத்தினால் நச்சுப்புகை. பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம். கேடு, உடைக்கிற கூலியாளுக்குத்தான்!

ஓடாததை அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுக்கட்டும். நல்லதாக நாலைந்தை வாங்கி, கடலூர் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு அலமாரி வைக்கட்டும். கல்வெட்டுக்கும் சிலைக்கும் உள்ள மரியாதை இதுக்குக் கிடையாதா? அரசு லேப்டாப் வாங்கிய பிள்ளைகள் அதன் பாட்டனையும் பார்க்க வேண்டாமா?

அதிகாரிகள் கண் திறப்பார்களா?