சைலன்ஸ் யாருடைய பாட்டு?

ட்ரான்ஸ் இசை கேட்கும் யாரிடமாவது "சைலன்ஸ் யாருடைய பாட்டு?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் வரும்: "டியஸ்டோ!"

தப்பு. சுத்தத் தப்பு.

அது கனடாவின் டெலீரியம் குழுவின் பாட்டு. பில் லீப், ரிஸ் ஃபுல்பர் இருவரும் 1997-ல் வெளியிட்ட 'கர்மா' ஆல்பத்தில் இருப்பது. பாடியவர் சாரா மெக்லாக்லன். கூப்பிட்டார்கள், வந்தார், பாடினார், போனார் என்ற கதை இல்லை. எழுதியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஒரிஜினல் மெதுவாக நகரும். பின்னால் தேவாலயத்துப் பாட்டு மாதிரி ஒரு குழுக்குரல். டிஸ்கோவில் போட்டால் ஒருத்தரும் ஆட மாட்டார்கள்.

ரீமிக்ஸ்கள் வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2000-ல் பிரிட்டன் தரவரிசையில் 3-ஆம் இடம். அந்தப் புண்ணியம் ரீமிக்ஸ்காரர்களுக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் எல்லா ரீமிக்ஸும் ஒன்றா?

ஏர்ஸ்கேப் ரீமிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல வேகம், பெரிய மெட்டு, கையைத் தூக்கி ஆட வைக்கும். ஆனால் சாராவின் குரல் அங்கே விருந்தாளி. சிந்தசைசர்தான் வீட்டுக்காரர். அந்தக் குரலை எடுத்துவிட்டு வேறொருவரைப் பாட வைத்தாலும் பாதிப் பேர் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

டியஸ்டோவின் 'இன் சர்ச் ஆஃப் சன்ரைஸ்' ரீமிக்ஸ் வேறு ஜாதி. 11 நிமிடத்துக்கு மேல் ஓடும். "இவ்வளவு நீளமா, மொக்கை" என்று ஓட்டிவிட்டுக் கேட்பவர்கள் பாவம் செய்தவர்கள். அதன் உயிரே காத்திருப்பதில்தான் இருக்கிறது. தாளம் மெல்லச் சேர்ந்து, பிறகு விலகி நின்று, குரலுக்கு வழி விடுகிறது. பாட்டின் பெயர் 'மௌனம்' என்பது ஞாபகம் இருந்த ரீமிக்ஸ் அது. அதையே வானொலிக்காக வெட்டிச் சுருக்கிய வடிவத்தைக் கேளுங்கள். காத்திருப்பு போச்சு, கூடவே பாட்டும் போச்சு.

இதோடு விட்டார்களா? 2004-ல் அபவ் அண்ட் பியாண்ட், ஃபில்டர்ஹெட்ஸ் என்று புது ரீமிக்ஸ்கள். 2008-ல் நீல்ஸ் வான் கோ, தாமஸ் கோல்ட். ஒரே மாட்டை எத்தனை முறை கறப்பது?

"ரீமிக்ஸ் இல்லாவிட்டால் இந்தப் பாட்டை யார் கேட்டிருப்பார்கள்?" என்று சிலர் ஜல்லியடிப்பார்கள். சரி, கேட்டிருக்க மாட்டார்கள்தான். அதனால் பாட்டே கைமாறிவிடுமா? வியாபாரத்தைப் பெருக்கிக் கொடுத்த பங்காளிக்கு லாபத்தில் பங்கு உண்டு, பாராட்டும் உண்டு. அதற்காக முதல் போட்டவர் பெயரையே கணக்கிலிருந்து அடித்துவிடுவது எந்த ஊர் நியாயம்?

வேடிக்கை என்னவென்றால், பாடகிக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றதால்தான் டியஸ்டோவின் ரீமிக்ஸ் ஜெயித்தது. ரசிகர்களோ அந்தப் பாடகியின் பெயரையே மறந்துவிட்டு டியஸ்டோவைக் கொண்டாடுகிறார்கள். அவர் செய்த நல்ல காரியத்தையே புரிந்துகொள்ளவில்லை என்றுதானே அர்த்தம்?

நல்ல ரீமிக்ஸுக்கு ஒரே சோதனைதான். கேட்டு முடித்ததும் ஒரிஜினலைத் தேட வைக்க வேண்டும். டியஸ்டோ தன் பரீட்சையில் பாஸ். தேடாமல் உட்கார்ந்திருப்பவர்கள்தான் ஃபெயில்.

இன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு முதலில் 'கர்மா'வில் இருப்பதைக் கேளுங்கள். அப்புறம் அந்த 11 நிமிடம். அதற்குப் பிறகு சொல்லுங்கள், யாருடைய பாட்டு என்று.