முட்டை பொரித்தால் போதுமா?

அழிந்து வரும் ஒரு விலங்கைக் காப்பாற்ற வழி என்ன என்று வகுப்பில் கேட்டால், "அடைத்து வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்யலாம், சார்!" என்று நாலைந்து பேராவது சொல்வார்கள். அது பாதி விடைதான். மீதிப் பாதி ஆற்றங்கரையில் கிடக்கிறது.

நம் நாட்டு முதலைகளையே எடுத்துக்கொள்வோம். தோலுக்காகக் கொன்று குவிக்கப்பட்டு அவை அருகிப் போகவே, 1975-ல் மத்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மறு ஆண்டு, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கர் முதலைப் பண்ணையை நிறுவினார். அங்கே சதுப்புநில முதலைகள் பெருகின. எவ்வளவு என்றால், கொண்டுபோய் விட இடமில்லாமல், இட்ட முட்டைகளைப் பொரிக்க விடாமல் தடுக்க வேண்டிய அளவுக்கு!

ஆனாலும் அப்பண்ணை ஓர் அரிய உண்மையைத் தந்தது. முதலை ஆணா பெண்ணா என்பதைக் குரோமோசோம் முடிவு செய்வதில்லை. முட்டை இருக்கும் இடத்தின் வெப்பநிலைதான் முடிவு செய்கிறது. அங்கு செய்த ஆய்வு ஒன்று 1989-ல் வெளிவந்தது. 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை ஒரே சீராக வைத்த முட்டைகளில் எல்லாம் பெண் குஞ்சுகள். 32.5 டிகிரியில் எல்லாம் ஆண்! நான் இயற்பியல் நடத்துபவன். வெப்பமானியில் ஒன்றரைக் கோடு இத்தனை பெரிய காரியம் செய்வதை எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்டதில்லை. அப்படியானால் இயற்கையில் கூட்டின் ஆழம் என்ன, வெயில் எவ்வளவு விழுகிறது, இரவில் மணல் எவ்வளவு குளிர்கிறது? இவற்றைக் கரையில் உட்கார்ந்து அளந்தால்தான் உண்டு.

வடக்கே சம்பல் ஆற்றின் கதை இன்னும் கசப்பானது. சொம்புமூக்கு முதலையின் முட்டைகளைச் சேகரித்துப் பொரித்து, ஆயிரக்கணக்கான குட்டிகளை வளர்த்து ஆறுகளில் விட்டார்கள். விட்ட கணக்கு ஏட்டில் இருக்கிறது. அவற்றில் எத்தனை பிழைத்தன, எத்தனை முட்டையிட்டன என்பதைப் போதிய அளவு தொடர்ந்து கவனிக்கவில்லை. மீன்வலையும் மணல் அள்ளுதலும் அணைகளும் அப்படியே இருந்தன. 2007-ல் அவ்வினம் மிகவும் அழியும் நிலையில் உள்ளதாக அறிவிக்கப்பட்டது. அந்தக் குளிர்காலத்திலேயே சம்பலில் நூற்றுக்கும் மேற்பட்டவை செத்து ஒதுங்கின. விட்ட எண்ணிக்கையை வெற்றி என்று சொல்வதை நான் ஒப்பமாட்டேன்.

இதைப் படித்துவிட்டு நட்சத்திர ஆமையைப் பிடித்து வளர்க்கக் கிளம்பிவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. மழை பெய்த இரவில் திண்ணையில் உட்காருங்கள். ஒரு கடிகாரம், ஒரு வெப்பமானி, ஒரு நோட்டு போதும். ஒரே வகைத் தவளை நிமிடத்துக்கு எத்தனை முறை கத்துகிறது என்று எண்ணிப் பக்கத்தில் வெப்பநிலையைக் குறியுங்கள். பத்து இரவுக் கணக்கை வரைபடத் தாளில் போட்டுப் பாருங்கள். கோடு மேல்நோக்கிப் போகக்கூடும். போகாவிட்டால், அன்று மழை எப்போது நின்றது, எத்தனை தவளைகள் சேர்ந்து கத்தின என்பதையும் மறுமுறை எழுதுங்கள்.