முகத்துக்குப் பெயர் சூட்டுவது யார்?

பழைய ஓவியம் ஒன்றில் ஒரு பெண் இசைக்கருவியோடு அமர்ந்திருந்தால் போதும், அவளுக்கு ஏதேனும் ஒரு பாடகியின் பெயரைச் சூட்டிவிடக் கைகள் துடிக்கின்றன. பெயரற்ற முகத்தைவிடப் பெயருள்ள முகம் கூடுதல் விலைக்குப் போகும் என்பது ஏலக்கூடத்தின் கணக்கு. அந்தக் கணக்கு நூலட்டைக்கும் இசைத்தட்டின் உறைக்கும் வகுப்பறைத் திரைக்கும் வந்து சேர்ந்திருப்பதுதான் வருத்தத்துக்குரியது. ஓபரா வரலாற்றில் ஒரே ஒரு சுரத்தின் பாடவேறுபாட்டுக்காக மூன்று மூலப்படிகளை ஒப்புநோக்கும் அறிஞர்கூட, பாடகரின் முகத்துக்கு மட்டும் படக்குறிப்பைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறார். இவர்தான் அவர் என்று முதலில் சொன்னது யார், எப்போது, எந்தச் சான்றின்மேல் என்று எவரும் கேட்பதில்லை.

இந்த அலட்சியத்தின் விலை என்ன என்பதை அறிய, வெனிஸ் நகரத்துப் பாடகியும் இசையமைப்பாளருமான பார்பரா ஸ்ட்ரோஸ்ஸியின் (1619–1677) கதை போதும். அவருடைய தந்தை ஜூலியோ ஸ்ட்ரோஸ்ஸி, வெனிஸின் தொடக்ககால ஓபராக்களுக்குப் பாடநூல் எழுதியவர். டிரெஸ்டன் ஓவியக்கூடத்தில், பெர்னார்டோ ஸ்ட்ரோஸ்ஸி தீட்டிய ஓவியம் ஒன்று உள்ளது. வியோலா த கம்பா என்னும் நரம்புக் கருவியை ஏந்திய பெண், மேலாடை நெகிழ்ந்து மார்பு தெரிய அமர்ந்திருக்கிறாள். இந்தப் பெண் பார்பராவே என்று எலன் ரோசாண்ட், டேவிட் ரோசாண்ட் ஆகிய இருவரும் 1981இல் ஒரு கட்டுரையில் வாதிட்டனர். கற்றறிந்தோர் முன்வைத்த மதிக்கத்தக்க கருதுகோள் அது. ஆனால் படக்குறிப்புகளில் வாதம் உதிர்ந்து பெயர் மட்டும் எஞ்சியது. இன்று பார்பராவைத் தேடும் மாணவருக்கு முதலில் கிடைப்பது அந்த முகம், எந்தத் தயக்கக் குறிப்பும் இன்றி.

தீங்கு அங்கேதான் தொடங்குகிறது. திறந்த மார்பைக் கண்டவர்கள், பார்பரா ஒரு கணிகை என்பதற்கு ஓவியமே சாட்சி என்றார்கள். பாடகி கணிகையாக இருந்தமையால்தான் ஓவியர் அவ்வாறு தீட்டினார் என்றும் சொன்னார்கள். ஓவியம் வாழ்க்கையை நிறுவுகிறது, அந்த வாழ்க்கை மீண்டும் ஓவியத்தை நிறுவுகிறது. இரண்டுக்கும் வெளியே ஊன்றி நிற்க ஓர் இடம் இல்லை. மலர்த் தெய்வமான ஃபுளோராவையும் கலைகளின் உருவகங்களையும் மார்பு திறந்த பெண்களாகத் தீட்டுவது இத்தாலிய ஓவிய மரபில் வழக்கம் என்பது இந்தச் சுழலில் மறக்கப்படுகிறது. அவரைப் பற்றிச் சமகாலத்தவர் எழுதிய வசைநூல்கள் உண்டு என்பது மெய்தான். வசையை வசையாக எடைபோட வேண்டும். யாருடையது என்று தெரியாத ஓர் உடலை அதற்குத் துணைக்கு அழைக்கக் கூடாது. வெனிஸின் ஆவணக் காப்பகங்களில் பெத் கிளிக்சன் தேடியபோது முதலீடும் கடன் கொடுக்கல் வாங்கலும் பிள்ளைகளின் எதிர்காலமும் கவனித்த ஒரு பெண்ணின் வாழ்க்கை தெரியவந்தது. அச்சில் எட்டுத் தொகுதி இசை வெளியிட்டவர் அவர். அந்த எட்டுத் தொகுதிகளைக் காட்டிலும் ஒரு சந்தேகத்துக்குரிய மார்பு அதிகம் பேசப்படுகிறது.

அடையாளம் காண்பது இயலாத செயல் அன்று. ஃபாரினெல்லி (1705–1782) என்று புகழ்பெற்ற கார்லோ பிராஸ்கியின் படங்களில் அது எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் காணலாம். ஸ்பெயின் அரசர் ஆறாம் ஃபெர்டினாண்ட் 1750இல் அவருக்குக் கலத்ராவா வீரர் விருதை அளித்தார். ஆகவே அந்தச் சிலுவைச் சின்னம் தாங்கிய ஃபாரினெல்லி படம் எதுவும் அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது. அவர் இறந்தபின் எடுக்கப்பட்ட உடைமைப் பட்டியலில் அவருடைய ஓவியங்கள் இடம்பெற்றுள்ளன. சின்னம் காலத்தைச் சொல்கிறது, பட்டியல் உடைமையைச் சொல்கிறது. முகச்சாயல் இவற்றுக்குப் பின்னரே வருகிறது.

உறுதியான அடையாளத்திலும் எச்சரிக்கை தேவை. மெல்பர்ன் அருங்காட்சியகத்தில் ஜாகோப்போ அமிகோனி தீட்டிய குழுப்படத்தில் ஃபாரினெல்லியோடு கவிஞர் மெத்தஸ்தாசியோவும் இருக்கிறார். ஓவியர் 1752இல் மாட்ரிட்டில் இறந்தார். மெத்தஸ்தாசியோவோ 1730 முதல் வியன்னாவில் வாழ்ந்தவர், மாட்ரிட்டுக்கு வந்தவர் அல்லர். தொலைவில் இருந்த நண்பரை ஓவியம் அருகில் கொண்டுவந்து அமர்த்தியிருக்கிறது. அந்த முகம் நேரில் பார்த்துத் தீட்டியது அன்று என்றால், அதை வைத்து வேறொரு முகத்தை எப்படி அளப்பது?

கணினி முகத்தை அளந்து சொல்லிவிடும் என்போர் இதையே மறக்கிறார்கள். பெர்லின் ஓவியக்கூடத்தில் உள்ள, எட்லிங்கர் தீட்டிய ஓர் ஆணின் படம் மொசார்ட்டுடையது என்று 2005இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. முகஅளவை ஒப்பீடும் துணைக்கு வந்தது. அவர் மியூனிக் நகர வணிகர் என்று ஆவணங்களைக் காட்டி மறுப்பு எழுந்தது. புகைப்படத்தில் கணினி அளப்பது எலும்பை. ஓவியத்தில் அளப்பது தூரிகையின் பழக்கத்தை. ஒப்பிட எடுத்த படமே ஐயத்துக்குரியதானால், அளவை எத்தனை நுட்பமாக இருந்தும் பயனில்லை.

இத்தனை கடுமை காட்டினால் பாடகியரின் முகங்களே எஞ்சாது, ஆவணங்கள் ஆண்களுக்குத்தானே எழுதப்பட்டன என்று ஒரு மறுப்பு உண்டு. நேர்மையான மறுப்பு அது. ஆனால் பிழையான முகத்தைக் கொடுப்பது மீட்பு ஆகாது. அதனால் இரண்டு பெண்கள் அழிகிறார்கள்: அயலாளின் உடலைச் சுமக்கும் பாடகி ஒருத்தி, ஓவியர் முன் அமர்ந்தும் தன் பெயரை இழந்த மாதிரிப்பெண் மற்றொருத்தி.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது தமிழர் அறிந்த முதுமொழி. தீர விசாரிப்பதற்கு ஒரு வரிசை உண்டு: படத்தின் மேலுள்ள எழுத்து ஓவியர் காலத்ததா, பின்னர் சேர்ந்ததா, பட்டியல், கடிதம், கணக்கேடு ஏதேனும் உண்டா, உடையும் சின்னமும் வயதோடு பொருந்துகின்றனவா, கடைசியாக, முகம் ஒத்திருக்கிறதா. படக்குறிப்பும் தன் தரத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: சமகாலச் சான்றா, பிற்கால மரபா, இன்னார் இந்த ஆண்டில் முன்வைத்த கருதுகோளா. அதற்கு ஒரு வரி கூடுதலாகும், அவ்வளவே. அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சோம்பும் ஆய்வேட்டில், மற்ற பக்கங்களின் அடிக்குறிப்புகளை எதற்காக நம்ப வேண்டும்?