தபால்தலையில் இடம்பிடித்த கட்டடம்: டப்ளின் ஜி.பி.ஓ-வைச் சுற்றி ஏன் சர்ச்சை?

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் இருக்கும் ஜி.பி.ஓ. 1818-ல் திறக்கப்பட்டது. ஒரு தபால் நிலையத்துக்காக ஒரு நாடே ஏன் வாதாடுகிறது?

அப்படி என்ன வரலாறு?
1916 ஈஸ்டர் வாரத்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பியவர்களுக்கு இதுதான் தலைமையகம். குடியரசுப் பிரகடனத்தை வாசித்ததும் இதன் வாசலில்தான். பீரங்கித் தாக்குதலிலும் தீயிலும் மிஞ்சியது முகப்பு மட்டுமே. உள்ளே புதிதாகக் கட்டி, 1929-ல் மீண்டும் திறந்தார்கள்.

தபால்தலை எப்போ வந்தது?
எழுச்சியின் 25-ம் ஆண்டான 1941-ல். துப்பாக்கியோடு ஒரு போராளி, பின்னால் ஜி.பி.ஓ. சாதாரணக் கடிதத்தில்கூட வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது அந்த முகப்பு.

இப்போ என்ன பிரச்சினை?
தபால் நிறுவனமான ‘அன் போஸ்ட்’ தன் தலைமை அலுவலகத்தை 2023-ல் வேறு இடத்துக்கு மாற்றியது. காலியான பகுதியில் அலுவலகங்கள், கடைகள், கலாசார அரங்குகள் கொண்டுவரும் திட்டத்தை 2025 ஜூலையில் அரசு அறிவித்தது. ‘நாடு பிறந்த இடத்தில் வியாபாரமா?’ என்று எதிர்ப்பு கிளம்பியது. தபால் நிலையமும் அருங்காட்சியகமும் அப்படியே தொடரும் என்கிறது அரசு.

யார் சொல்வது சரி?
கடை என்பது இங்கே புதுசு இல்லை. கட்டடத்தை ஒட்டிய ஆர்கேடில் பல காலமாகவே கடைகள் உண்டு. பூட்டிப் போட்டாலும் கட்டடம் பாழாகத்தான் செய்யும். ஆனா, உள்ளே பெரும்பகுதி வாடகை இடமாகிவிட்டால், 1916-ல் தீ செய்ததையே திட்டமும் செய்ததாகிவிடும்: முகப்பு மட்டும் மிஞ்சும். தபால்தலைக்கு அது போதும். வரலாற்றுக்குப் போதுமா என்பதுதான் கேள்வி.